ஒன்பது மணிப் படம்

மலைகளைப் படமெடுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊர் எழுந்திருக்கும் முன் போய், ஊர் எழுந்ததும் திரும்பிவிடுவார்கள். அதனால் அவர்கள் காட்டும் உலகத்தில் ஆட்கள் இருப்பதில்லை. லாரிகள் இல்லை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகள் இல்லை. மூடுபனி, பொன் வெளிச்சம், ஒரு கோட்டைச் சுவர், அதற்குப் பின்னால் நீலமாக இன்னொரு மலை, அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆனால் எனக்கு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. நல்ல வெளிச்சம் போன பிறகு, காலை 9 மணிக்கு, வேண்டுமென்றே ஒரு சுமாரான படம் எடுப்பேன். அந்த இரண்டு பழக்கங்களைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

1989இல் திருநெல்வேலியிலிருந்து புனே வந்தேன். பிம்ப்ரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஆயிரம் உதிரி பாகங்களில் எது ஒன்று மற்றவற்றிலிருந்து வித்தியாசப்படுகிறது என்று பார்ப்பது தொழில். மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக அந்தப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு ஞாயிறுக்குப் பதில் வியாழக்கிழமை விடுமுறை. குடும்பத்துக்கு அது பெரிய குறை. பிள்ளைகளின் விடுமுறையும் அப்பாவின் விடுமுறையும் ஒரு நாளும் சந்தித்துக்கொள்ளாது. காமிராவுக்கு அது வரம். வியாழக்கிழமை விடியலில் சிங்ககட் கோட்டையில் பாதி நேரம் என்னையும் மோர் விற்கும் பெண்களையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

புனேயைத் தமிழர்கள் பலவிதமாக அறிவார்கள். கட்கி ராணுவக் குடியிருப்பு, ராஸ்தா பேட்டில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள், கல்லூரிகள், பிறகு வந்த மென்பொருள் கம்பெனிகள். ஊரின் இடம் எப்படிப்பட்டது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்ரி மலைத்தொடரின் கிழக்கு ஓரத்தில், குன்றுகள் சூழ்ந்த ஒரு தட்டில் நகரம் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள லோணாவாலாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. புனேயில் 700க்குச் சற்று மேல். வால்பாறைக்கும் கோவைக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு மழை வித்தியாசம் இருந்தால் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்க முடியாது. ஒரே காலையில் கிழக்கே வெயில், நடுவில் வானவில், மேற்கே கறுப்பு என்று மூன்று வானங்களைப் பார்க்கலாம்.

வானிலையைப் படிக்கிறவர்களுக்கு இந்த ஊர் தலைமையகமாக இருந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் தலைமை அலுவலகம் 1928இல் சிம்லாவிலிருந்து புனேவுக்கு வந்தது. பிறகு அது டெல்லிக்குப் போனாலும், சிவாஜி நகரில் அந்தக் கட்டிடத்துக்கு இன்னமும் 'சிம்லா ஆபீஸ்' என்றுதான் பெயர். அந்தத் துறையில் இங்கே பணியாற்றியவர்களில் ஒருவர் கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதன். சர் சி.வி. ராமனோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்துவிட்டு வானத்தை அளக்க வந்தவர். இன்னொருவர் அன்னா மணி. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி செய்து, 1948இல் புனே வானிலைத் துறையில் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். இந்தியாவின் எந்த ஊரில் எவ்வளவு சூரிய ஒளி விழுகிறது என்று அளப்பதற்கான நிலையங்களை அமைத்தவர் அவர். 1980இல் அந்தக் கணக்குகள் ஒரு கையேடாக வந்தன. நாங்கள் காமிராவை வைத்துக்கொண்டு 'இன்றைக்கு வெளிச்சம் நன்றாக இருக்கிறது' என்று சொல்வதை அவர் எண்களாகச் சொன்னார்.

காலை வெளிச்சம் ஏன் பொன்னிறம் என்பதற்குப் பள்ளிக்கூட விளக்கம் போதும். தொடுவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப் போல ஏறத்தாழ 40 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப் போய்விடுகிறது. மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். சூரியன் நான்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி நகர்கிறது. ஆகவே நமக்குக் கிடைப்பது அதிகம் போனால் அரை மணி நேரம். புனேயில் ஜூன் மாதம் 6 மணிக்குச் சற்று முன்பும், ஜனவரியில் 7 மணிக்குச் சற்றுப் பின்பும் உதயம். சென்னைக்காரர்கள் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் கடிகாரத்தைச் சந்தேகிப்பார்கள்.

இந்த அரை மணிக்கு மராத்தியில் ஓர் அழகான சொல் உண்டு. 'கோவ்ளே ஊன்' என்பார்கள். கோவ்ளே என்றால் பிஞ்சு, தளிர். ஊன் என்றால் வெயில். சிங்ககட்டில் மோர் விற்கும் மாவ்ஷி ஒருத்தி இதைச் சொன்னபோது, 'எங்கள் பாஷையில் இளவெயில்' என்றேன். 'அப்படியானால் உங்களுக்கும் அது தெரியும்' என்றாள், ஏதோ இந்த வெயில் மராத்தி மண்ணுக்கே சொந்தம் என்று அதுவரை நினைத்திருந்தவளைப் போல.

தெரியும்தான். வெளிச்சத்தையும் நிலத்தையும் பிரித்துப் பார்க்காதவர்கள் நம் முன்னோர். தொல்காப்பியத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பருவமும் ஒரு பொழுதும் உண்டு. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும், முல்லைக்குக் காரும் மாலையும், மருதத்துக்கு வைகறையும் விடியலும். இலக்கணமாகப் படித்தபோது பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். காமிராவோடு மலையில் நின்றபோதுதான் அது எவ்வளவு நடைமுறைக்கு உகந்தது என்று புரிந்தது. இன்ன இடத்துக்கு இன்ன மாதம், இன்ன நேரம். படமெடுக்கிறவனின் நோட்டுப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.

என் நோட்டுப் புத்தகத்தின்படி புனேயில் நான்கு வகைக் காலைகள்.

முதலாவது பனிக்காலம். டிசம்பர், ஜனவரியில் இரவு வானம் துடைத்து வைத்தது போல் இருக்கும். தரை தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட, குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்குகிறது. மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர். பானைக்கு மூடி போட்டதைப் போல. முளா, முட்டா ஆறுகளின் பள்ளத்தாக்கிலும் கடக்வாஸ்லா ஏரியின் மேலும் மூடுபனி அந்த மூடிக்குக் கீழே தேங்கும். ஆத்கர்வாடியிலிருந்து டார்ச் விளக்கோடு ஏறி, விடியும்போது சிங்ககட்டின் மேல் நின்றால் கீழே வெள்ளைக் கடல். மேற்கே தோரணாவும் ராஜ்கட்டும் தீவுகள். கோட்டையின் உயரம் 1,300 மீட்டருக்குச் சற்று மேல். 1670இல் தானாஜி மாலுஸரே உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டை இது. அந்தப் பாறைச் சுவரின் மேல் முதல் வெளிச்சம் விழும்போது வரலாறு தெரியாதவர்கூடச் சற்று நேரம் பேசாமல் நிற்பார்.

இங்கே தொழில் ரகசியம் ஒன்று. மூடுபனியைப் படமெடுத்தால் அழுக்கு வேட்டியைப் போல் வருகிறது என்று பலர் குறைபடுவார்கள். காமிராவில் உள்ள ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பனியையும் சாம்பலாக்கும், கறுப்புப் பாறையையும் சாம்பலாக்கும். பனிக்கு அது சொல்வதைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும். பாறைக்குக் குறைக்க வேண்டும். சஹ்யாத்ரியோ சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறை. கறுப்புப் பாறையும் வெள்ளைப் பனியும் ஒரே சட்டத்தில் வந்தால் யாருக்கு நியாயம் செய்வது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். காமிரா தீர்மானிக்காது.

இரண்டாவது கோடை. மார்ச் முதல் மே வரை தூசியும் புகையும் கலந்த மங்கல். சூரியன் செம்புத் தட்டாக எழும். தூரத்து மலைகள் இருக்கின்றன என்று நம்பத்தான் வேண்டும். ஆனால் மே மாதம் மாலையில் இடியோடு ஒரு மழை கொட்டினால், மறுநாள் காலை வானம் கழுவிய கண்ணாடி. அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. அந்த மழைக்கு மறுநாள் ஷிப்டு மாற்றிக் கேட்ட ஒரே தொழிலாளி நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது மழைக்காலம். ஜூன் இரண்டாவது வாரத்திலிருந்து சூரியனை மறந்துவிடலாம். வெளிச்சம் மணிக்கணக்கில் வராது, நிமிடக்கணக்கில் வரும். முல்ஷி ஏரிக்கரையில், தாம்ஹிணி கணவாயில், பவனா நீர்த்தேக்கத்துக்கு மேல் திக்கோணா கோட்டையில், மூன்று மணி நேரம் குடைக்குள் நின்றுவிட்டு, மேகம் கிழிந்த ஒன்றரை நிமிடத்தில் நான்கு படம் எடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அந்த ஒன்றரை நிமிடத்தில் எதிர்மலையின் ஒரு வயல் மட்டும் பச்சை விளக்குப் போட்டதைப் போல் எரியும். பக்கத்து வயல் இருட்டில் இருக்கும். அடுத்த நிமிடம் இரண்டும் மறைந்துவிடும். லென்சுக்குள் பூஞ்சை பிடிப்பது இந்த மாதங்களில்தான். எவர்சில்வர் சம்படத்தில் சிலிக்கா ஜெல் போட்டு, அதில் லென்சை மூடி வைப்பது என் வழக்கம். அப்பளச் சம்படம் காணாமல் போனதற்கு வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள்.

மழைக்காலக் காலையில் இந்த மலைகள் தரும் அபூர்வக் காட்சி ஒன்று உண்டு. அகில்யாநகர் மாவட்டத்தில், அஹமத்நகர் என்று இருந்ததன் புதுப் பெயர் அது, ஹரிச்சந்திரகட் என்ற மலைக்கோட்டை இருக்கிறது. அதன் மேற்கு விளிம்பில் கொங்கண் கடா என்ற செங்குத்துப் பாறை. கீழே கொங்கணப் பள்ளத்தாக்கில் மேகம் நிறைந்து, முதுகுக்குப் பின்னால் தாழ்வாகச் சூரியன் இருந்தால், எதிரே மேகத்தில் உங்கள் நிழலும் அதன் தலையைச் சுற்றி முழு வட்டமாக ஒரு வானவில்லும் தெரியும். கர்னல் வில்லியம் சைக்ஸ் என்ற ஆங்கிலேயர் தக்காணத்தின் வானிலையைப் பற்றி 1835இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்ட கட்டுரையில் இந்த வட்ட வானவில்லை விவரித்திருக்கிறார். பக்கத்தில் நான்கு பேர் நின்றாலும் ஒளிவட்டம் ஒவ்வொருவருக்கும் அவரவர் தலையைச் சுற்றித்தான் தெரியும். அகந்தை உள்ளவர்களுக்கு ஏற்ற காட்சி.

ஆனால் மழைக்கால மலை வெறும் காட்சி அல்ல. 2014 ஜூலை 30 அதிகாலையில், இதே புனே மாவட்டத்தில், பீமாசங்கரம் செல்லும் பகுதியில், மாளீண் என்ற கிராமத்தின் மேல் மலை சரிந்தது. ஏறத்தாழ 150 பேர் மண்ணுக்குள் போனார்கள். வழக்கமாக அந்த வழியாகப் போகும் எஸ்.டி. பஸ்சின் டிரைவர், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர் இல்லை என்று கண்டு சொன்ன பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. கொட்டித் தீர்த்த மழையோடு, சரிவுகளை வெட்டிச் சமன் செய்ததும் மரங்கள் போனதும் பேசப்பட்டன. 2024 ஜூன் 30இல் லோணாவாலாவில் பூஷி அணைக்கு அருகே அருவியில் நின்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேரை வெள்ளம் அடித்துச் சென்றது. 2025 ஜூன் 15இல் இந்திராயணி ஆற்றின் மேல் குண்ட்மளாவில் பழைய இரும்புப் பாலம், மழைக்கால அழகைப் பார்க்கக் கூடியவர்களோடு இடிந்து விழுந்தது. 4 பேர் இறந்தார்கள்.

இந்தத் தேதிகளை என் நோட்டுப் புத்தகத்தில் வெளிச்சக் குறிப்புகளுக்கு நடுவே எழுதி வைத்திருக்கிறேன். 2014 ஜூலை கடைசி வாரம் நானும் மழைக்காட்சிகள் எடுத்தேன். நல்ல படங்கள். மேகம் தாழ்ந்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஓர் அருவி. அந்த அருவிகள் எவ்வளவு மண்ணைக் கொண்டுவந்தன என்பது படத்தில் இல்லை. அதன்பின் அந்தப் படங்களை யாரிடம் காட்டினாலும் மாளீண் தேதியையும் சேர்த்தே சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். பரவாயில்லை.

நான்காவது அக்டோபர். மழை விடைபெற்று, காற்றில் தூசி சேரும் முன் கிடைக்கும் மூன்று நான்கு வாரம். இதற்கு நிகர் இல்லை. புல் பச்சையிலிருந்து பொன்னாகிக்கொண்டிருக்கும். சாதாரா அருகே காஸ் பீடபூமியில் பூக்கள் முடியும் தறுவாய். 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சஹ்யாத்ரி முழுவதும் 'கார்வி' மலரும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நம் நீலக்குறிஞ்சிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. முதல் தடவை அதைப் பார்த்தபோது, ஊரை விட்டு வந்த இடத்தில் தூரத்து உறவுக்காரரைச் சந்தித்ததைப் போல் இருந்தது.

அந்த நாட்களில் பிலிம். ஒரு சுருளில் 36 படம். கறுப்பு வெள்ளைக்கு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' சுருள். அந்தத் தொழிற்சாலை பின்னாளில் மூடப்பட்டது. வண்ணத்துக்கு ஸ்லைடு பிலிம். பச்சையைப் பச்சையைவிடப் பச்சையாகக் காட்டும் பியூஜியின் வெல்வியா 1990இல் வந்தது. விலை கையைக் கடிக்கும். சிங்ககட் எக்ஸ்பிரஸ்சில் மும்பைக்குத் தினமும் போய்வரும் நண்பர் ஒருவர் சுருளைக் கழுவக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வாங்கி வருவார். அந்த ஒரு வாரம் படம் எப்படி வந்திருக்கும் என்று மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது டிஜிட்டல். ஒரு காலையில் 300 படம் எடுத்து, இறங்கும் முன்பே பார்த்துவிடுகிறோம். காத்திருப்பு பாதி குறைந்துவிட்டது. மேகத்துக்கான காத்திருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு சுருளில் 36 படம்தான் என்ற காலத்தில்தான் அந்த 9 மணிப் பழக்கமும் தொடங்கியது. நகருக்குள்ளேயே வேதாள் டேகடி என்ற குன்று இருக்கிறது. புனே நகரின் மிக உயரமான இடம், சுமார் 800 மீட்டர். பழைய கல்குவாரியில் தேங்கிய குளமும் மயில்களும் உண்டு. வெளியூர் போக முடியாத வியாழக்கிழமைகளில் அங்கே போவேன். விடியலில் வேண்டியதை எடுத்த பிறகு சுருளில் ஒன்றிரண்டு மிஞ்சும். குறிப்பிட்ட ஒரு கல்லின் மேல் நின்று, 50 மில்லிமீட்டர் லென்சோடு, தென்மேற்கே பார்த்து ஒரு படம். கோத்ரூட், வார்ஜே, அப்பால் சிங்ககட், அதன் மேல் தூர்தர்ஷன் கோபுரம். சரியாக 9 மணி. வெயில் தட்டையாக, நிழல் குட்டையாக, மறைக்க எதுவும் இல்லாத நேரம். தொழிற்சாலையில் உதிரி பாகங்களை அளக்கும்போது விளக்கையும் தூரத்தையும் மாற்றக் கூடாது என்பது விதி. மாற்றினால் எது மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த விதியை மலைக்கும் பொருத்திப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆண்டுக்கு மூன்று படம்: ஜனவரி, ஜூன், அக்டோபர்.

அவற்றை யாரும் பார்க்க விரும்பியதில்லை. விருந்தாளிகளுக்கு ஸ்லைடு காட்டும்போது அவை வந்தால், 'இது எதற்கு?' என்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக் குன்றின் சரிவு ஒன்றில் மண் வெட்டும் இயந்திரம் வந்து நின்றது. குடியிருப்போர் ஆட்சேப மனு எழுதத் தொடங்கினார்கள். முன்னணியில் நின்றவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியை ஒருவர். இங்கே ஆசிரியைகளை 'பாயி' என்று அழைப்பது மரியாதை. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'அண்ணா' என்றுதான் அழைப்பார். புனேயில் தமிழன் எந்த வயதிலும் அண்ணாதான். வீட்டுக்கு வந்தவருக்கு நான் பெருமையோடு விடியற்காலைப் படங்களை எடுத்துப் போட்டேன். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார்.

'ரொம்ப அழகு, அண்ணா. ஆனால் இதெல்லாம் காலண்டருக்கு. வேறு இருக்கிறதா?'

'என்ன வேண்டும், பாயி?'

'அந்தச் சரிவில் முன்பு மரம் இருந்ததா இல்லையா என்று கேட்கிறார்கள். இருந்தது என்று சொன்னால் போதாதாம்.'

9 மணிப் படங்களின் பெட்டியை எடுத்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, நேரம், லென்ஸ். சாப்பாட்டு மேஜையில் வரிசையாக அடுக்கினோம். முதல் வரிசையில் வயலும் புதரும். 1997இல் சுற்றியுள்ள 23 கிராமங்கள் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு எடுத்தவற்றில் சாலைகள். பிறகு சாலைகளை ஒட்டிக் கட்டிடங்கள். பிறகு கட்டிடங்களுக்குப் பின்னால் குன்றின் அடிவாரத்தில் ஒரு வெட்டுக்காயம். அடுத்த ஆண்டு அது அகலம். சம்பந்தப்பட்ட சரிவு படத்தின் வலது ஓரத்தில் தபால்தலை அளவில் இருந்தது. அதில் மரங்கள் எண்ணும்படி தெரிந்தன. பாயி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், பென்சிலால் ஒவ்வொன்றாக எண்ணினார். மனுவோடு அவற்றில் ஆறு படங்கள் போயின. நெகட்டிவ்களையும் கேட்டு வாங்கிச் சரிபார்த்தார்கள். இயந்திரம் அப்போதைக்குத் திரும்பிப் போனது. கோப்பு இன்னமும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

அழகான படம் எதற்கும் பயன்படாது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் சியரா நெவாடா மலைகளை எடுத்த படங்களின் தொகுப்பு 1938இல் வெளிவந்தது. அது அமைச்சர் ஹெரால்ட் இக்கஸ் வழியாக ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குப் போனது. 1940இல் கிங்ஸ் கான்யன் தேசியப் பூங்கா உருவானதில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அங்கே கேள்வி, யாரும் போகாத மலை காப்பாற்றத் தகுந்ததா என்பது. அதற்கு விடியல் வெளிச்சம் பதில் சொல்லும். புனேயில் குன்று அழகானதா என்று யாரும் சந்தேகிப்பதில்லை. கட்டிடம் கட்டுகிறவரின் விளம்பரத்திலேயே குன்றின் படம்தான் இருக்கிறது. இங்கே கேள்வி, எவ்வளவு போய்விட்டது என்பது. அதற்கு 9 மணி வெயில்தான் சாட்சி.

இந்தக் குன்றுகளுக்காக இந்த ஊர்க்காரர்கள் சளைக்காமல் வாதாடி வருகிறார்கள். புதிதாகச் சேர்ந்த கிராமங்களின் குன்றுகளில் 978 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பூங்காவாக ஒதுக்குவதற்கு மாநில அரசின் ஒப்புதல் 2015இல்தான் கிடைத்தது. வேதாள் டேகடியின் ஊடாகச் சாலையும் சுரங்கப்பாதைகளும் திட்டமிடப்பட்டபோது, 2023 ஏப்ரலில் பெருந்திரளாக மக்கள் ஊர்வலம் போனார்கள். காலை நடைக்கு வரும் முதியவர்கள், நாய்களோடு இளைஞர்கள், பள்ளிப் பிள்ளைகள். நானும் நடந்தேன். போக்குவரத்து நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் இழக்கிறவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் சாலைக்கு வேறு வழி யோசிக்கலாம். குன்றுக்கு வேறு குன்று கிடையாது.

9 மணிப் படங்கள் இன்னொன்றையும் காட்டுகின்றன. சிங்ககட் கோபுரம். பழைய ஜனவரிப் படங்களில் ஊசியைப் போல் தெளிவாக நிற்கிறது. பிந்தைய ஜனவரிகளில் பல படங்களில் கோபுரமும் இல்லை, மலையும் இல்லை. வெண்மை மட்டும். அது மூடுபனி அல்ல. பனியாக இருந்தால் 9 மணிக்குள் பெரும்பாலும் கலைந்திருக்கும். காற்று மூலக்கூறுகள் நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும், அதனால்தான் தூரத்து மலை நீலம். புகைத்துகள்கள் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றாகச் சிதறடித்து வெளுக்க வைக்கும். பள்ளத்தில் பனியைத் தேக்கி நமக்கு வெள்ளைக் கடலைக் காட்டும் அதே குளிர் மூடிதான் லட்சக்கணக்கான வண்டிகளின் புகையையும் தேக்குகிறது. பாஷாணில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் 2013 முதல் இந்த ஊரின் காற்றுத் தரத்தையும் முன்னறிவித்து வருகிறது. அதன் எண்களைக் காலையில் பார்த்துவிட்டுத்தான் இப்போது எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்கிறேன். முன்பு மேகத்தைப் பார்த்தால் போதும்.

விடியல் படங்களில் இந்தக் கெடுதல் தெரியாது. சொல்லப்போனால், புகை இருந்தால் சூரியன் இன்னும் சிவப்பாக, இன்னும் அழகாக எழும். நோயாளியின் கன்னச் சிவப்பைப் பார்த்து ஆரோக்கியம் என்று சொல்வதைப் போல. புதிதாகக் காமிரா வாங்கிய இளைஞர்கள் சிங்ககட் விளிம்பில் வரிசையாக நின்று அந்தச் சிவப்பை எடுத்துக்கொண்டு, பிட்லா பாக்ரி சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்குள் இறங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விடியலைத் தேடி எழுந்து வருகிறவன் மலையை நேசிக்கத் தொடங்கிவிட்டான் என்றுதான் பொருள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இறங்கும் முன் ஒரே ஒரு படம். அழகு வேண்டாம். ஒரே இடம், ஒரே லென்ஸ், தேதி. கைப்பேசியில் எடுத்தாலும் போதும். திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையோ, கோவையில் மருதமலை அடிவாரமோ, பள்ளிக்கரணைச் சதுப்போ, எதுவானாலும் சரி.

எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. ஆத்கர்வாடி ஏற்றம் இனி ஆண்டுக்கு ஒருமுறைதான். வேதாள் டேகடிக்கு மட்டும் போகிறேன். போன அக்டோபரில் என் கல்லின் மேல் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். 9 ஆக ஐந்து நிமிடம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். எழுந்து இடம் விட்டவள், பெட்டியில் இருக்கும் பழைய படங்களைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். கல்லூரியில் நில அமைப்பியல் படிக்கிறாளாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாள். நான் எந்தக் கல்லில் நிற்கிறேன், எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்பதையும் குறித்துக்கொண்டாள். ஜனவரியில் நான் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அந்த மாதப் படத்தை அவள்தான் எடுத்து அனுப்பினாள். கோபுரம் தெரியவில்லை. நேரம் 9 மணி 2 நிமிடம் என்று எழுதியிருந்தாள்.